கோச் விட்டுப்போன கடைசி மட்ச்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குறை கண்ட மனிதர் ஒருவர் இருந்தார் என்று தொடங்கத்தான் நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது, கடலிலும் கண்டிருக்கிறார். "நிறை என்னெண்டா காத்து நல்லம். குறை என்னெண்டா ரெயில் பாதைக்கு அங்கால வச்சிட்டாங்கள்" என்றார், யாரோ கொந்தராத்துக்காரன் கடலைப் பிழையான இடத்தில் இறக்கிவிட்டுப் போனது மாதிரி.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் லொட்ஜில் இருந்த ஒருவருக்கும் ஆள் பிடிபடாது. எல்லாருக்கும் அவர் கோச். இவ்வளவுக்கும் மனிதர் வாழ்க்கையில் எந்த மைதானத்திலும் கால் வைத்தவர் இல்லை. பஸ்ஸுக்கு ஓடச் சொன்னால்கூட அடுத்த பஸ் வரும் என்று நிற்கிறவர்.

போர்க்காலம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் பிலோமினா அன்ரி லொட்ஜ் நடத்திக்கொண்டிருந்தார். அன்ரி கொட்டாஞ்சேனைக்காரி. கணவர் துறைமுகத்தில் வேலை செய்து காலமானவர். மேல்மாடி முழுவதும் வடக்கிலிருந்து வந்த பெடியன்கள். கனடாவுக்கு ஒருவன், லண்டனுக்கு ஒருவன், சுவிஸுக்கு இரண்டு பேர் என்று காத்திருப்பதுதான் எல்லாருக்கும் தொழில். நான் ஒருவன்தான் காலையில் சேர்ட் போட்டு கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கப்பல் கந்தோருக்கு கிளார்க் வேலைக்குப் போகிறவன். அதனால் என்னை எல்லாரும் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

கோச் என் அறை நண்பர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது அக்கா. அந்த அக்கா கல்யாணம் கட்டி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கல்லூரியில் தம்பிக்கு இடமும் எடுத்துக் கொடுத்திருந்தார். விசாதான் பாக்கி. முதல்தரம் எம்பசிக்குப் போனபோது, விசா அதிகாரி சும்மா கதைக்குக் கதையாக, அமெரிக்காவைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று கேட்டிருக்கிறார். நம்மவர் நிறைகளை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, கேட்காமலே குறைகளுக்கு வந்துவிட்டார். பாஸ்போர்ட் அன்றைக்கே கைக்கு வந்தது, வெறுமையாக.

"ஏன் அண்ணை குறை சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"நிறையை மட்டும் சொன்னா நான் சொன்னதை ஆர் நம்புவான்?" என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு ஒரே அறையில் இருக்கிறவனுடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

தம்பி மனம் உடைந்து போவான் என்று பயந்த அக்கா, விடுமுறைக்கு வந்த யாரோ ஒருவரிடம் ஒரு வீடியோ கேம் மெஷினும் ஒரேயொரு டிஸ்க்கும் கொடுத்தனுப்பினார். டிஸ்க்கின் உறையில் காலேஜ் ஃபுட்போல் என்று இருந்தது. லொட்ஜே திரண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிகளுக்கு ஆடின பெடியன்கள் இருந்தார்கள். கோல் கீப்பராக இருந்த கிருபா, யாரும் கேட்காமலே முன்னுக்கு வந்து உட்கார்ந்தான். அன்ரியின் ரீவியில் மெஷினை மாட்டினோம். தலைக்கவசம் போட்ட தடியன்கள் இரண்டு வரிசையாகக் குனிந்து நின்றார்கள். ஒருவன் நசிந்த பந்தைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடினான். பத்துப் பேர் அவன்மேல் விழுந்தார்கள்.

"இது என்ன கோதாரி! கையால தூக்கிக்கொண்டு ஓடுறான், ரெஃப்ரி பார்த்துக்கொண்டு நிக்கிறான்!" என்று கிருபா எழும்பிவிட்டான். "கோல் கீப்பர் எங்கை?"

"கோல் கீப்பர் இல்லைப்போல."

"அப்ப இது ஃபுட்போலே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கிருபா போனான். ஒரு வாரத்தில் மற்றவர்களும் போய்விட்டார்கள். கோச் மட்டும் போகவில்லை. விதிகளைச் சொல்லித்தர ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை. மனிதர் ரீவிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து, எதற்கு விசில் அடிக்கிறார்கள், எதற்குக் கொடி எறிகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே அந்த ஆட்டத்தை முழுதாகக் கறந்து எடுத்தார். எடுத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். பருப்புக் கோப்பைதான் பந்து எறிகிறவர். அப்பளங்கள் எதிரணி. கத்தரிக்காய்ப் பொரியல் இடது பக்கத்தால் ஓடும். கோச் என்ற பெயர் அந்த மேசையில் விழுந்ததுதான்.

"தம்பி, சொதி ஆறுது" என்று அன்ரி கோச்சிடம் சொல்லி என்னைக் காட்டுவார். "அந்த டிபென்ஸில ரெண்டை எடுத்து இவருக்கு வையும்."

வேலை முடிந்து, இரண்டு சோதனைச் சாவடிகளில் பஸ்ஸால் இறங்கி ஏறி, வேர்த்து விறுவிறுத்து அறைக்கு வருவேன். சப்பாத்தைக் கழற்ற முதல் தொடங்குவார்.

"தம்பி, இந்த கேமில ஒரு பெரிய நிறை கண்டுபிடிச்சிட்டன். ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு பாண்ட் கோஷ்டி. ஒவ்வொண்டும் வேற வேற பாட்டு அடிக்குது. மழை பெய்தா பந்து வழுக்குது. இண்டைக்கு ஸ்நோவும் கொட்டிச்சுது!"

"நல்லம் அண்ணை. நான் குளிச்சிட்டு வாறன்."

"குறையைக் கேள். அஞ்சு செக்கன் ஓடுறாங்கள், பிறகு அஞ்சு நிமிசம் கூடிக் கூடிக் கதைக்கிறாங்கள். எங்கட சங்கக் கூட்டம் மாதிரி. பிறகு அந்த கொமென்ரரிக்காரன். அவனுக்கு மொத்தமா கொஞ்ச வசனந்தான் தெரியும். திருப்பித் திருப்பி அதையே சொல்லுறான்."

அந்தக் கொஞ்ச வசனமும் கோச்சின் வாய்க்கு வந்து சேர்ந்ததுதான் எங்கள் போதாத காலம். அவருடைய ஆங்கிலமே அந்த அறிவிப்பாளரின் ஆங்கிலமாக மாறிப்போனது. அன்ரி மீன் துண்டு வைத்தால் "வட் எ கட்ச்!" என்பார். நான் பஸ்ஸைத் தவறவிட்டால் "ஹீ குட் ஹவ் ஹாட் இட்!" என்று, பிடித்திருக்கலாமே என்று, யன்னலிலிருந்து கேட்கும். ஒருநாள் சாவடியில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த ஆமிக்காரனிடம் "கிரேட் ஹாண்ட்ஸ்!" என்று சொல்லிவிட்டார். அவன் தன் கைகளை ஒருதரம் பார்த்துக்கொண்டான். நான் அவரைத் தெரியாத மாதிரி நடந்தேன்.

ஆட்டத்தில் மனிதர் தோற்றுக்கொண்டே இருந்தார். அதுவும் சும்மா தோற்கவில்லை. அந்த கேமில் ஒரு கோளாறு இருந்தது. வலது ஓரத்தில் நிற்பவனுக்கு நீளமாக எறிகிற ஒரு குறிப்பிட்ட பிளேயை அடித்தால், எதிரணி எப்படி நின்றாலும் சரி, பந்து போய்ச் சேரும். அதைக் கண்டுபிடித்ததே கோச்தான். கண்டுபிடித்த நாளிலிருந்து அதை அவர் தொடவில்லை.

"அண்ணை, அதையே அடியுங்கோவன், வெல்லலாம்!" என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னேன்.

"அது கேமின்ர குறை தம்பி. அடுத்தவனின்ர குறையில நாங்கள் வெல்லக் கூடாது."

"அது வெறும் மெஷின் அண்ணை!"

"அது மெஷின் எண்டு அதுக்குத் தெரியும். எனக்கு நான் ஆர் எண்டு தெரியும்" என்றார். எரிச்சலில் நான் பாயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

அதில் ஆடுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். அதுவும் ஒரு குறை என்று பட்டது கோச்சுக்கு. "மனுசனை நம்பரால கூப்பிடுறதோ? எங்களை இஞ்சை சாவடியில கூப்பிடுற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். பெயரை நாங்களே எழுதிக்கொள்ளலாம் என்பது நிறை. ஒருவரும் பெயர் கேள்விப்படாத, ஓயாமல் தோற்கிற ஒரு சின்னக் காலேஜைத் தேர்ந்தெடுத்து, முதலாம் வருஷத்துக்காரர்களுக்கு எல்லாம் லொட்ஜ் பெடியன்களின் பெயரை வைத்தார். சிவபாதசுந்தரத்தின் பெயர் பெட்டிக்குள் அடங்கவில்லை. சிவபாத என்று முடிந்தது. கோல் கீப்பர் கிருபாவை ஓடவிட்டார். தன்னை ஒன்பதாம் இலக்கத்தில் போட்டுக்கொண்டார். என்னை உதைக்கிறவனாகப் போட்டார். கிக்கர் என்பவன் ஆட்டத்தில் எப்போதாவது வந்து ஒரு உதை உதைத்துவிட்டுப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பவன்.

"ஏன் அண்ணை என்னை வாங்கில இருத்தினனீங்கள்?"

"நீ வேலைக்குப் போற ஆள். இடைக்கிடைதானே வருவாய்."

முதலாவது வருஷ ஆட்டங்கள் முடிந்த அன்று நான் வேலையால் வந்தபோது, வீட்டில் சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த பழைய ஆட்கள் கொஞ்சப்பேர் அணியில் இல்லை.

"நாலு வருசம் முடிஞ்சா ஆளை அனுப்பிப் போடுறாங்கள் தம்பி! எவ்வளவு பாடுபட்டுப் பழக்கி எடுத்தனான்!"

"படிக்க வந்தவன் படிச்சு முடிஞ்சாப் போகத்தானே வேணும்?"

"அதுதான் ரூல். ஒத்துக்கொள்ளுறன்" என்றார். "இந்தக் கேமின்ர ஆகப் பெரிய குறை அதுதான்."

லொட்ஜிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. சுவிஸ்காரர் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போனார்கள். சிவபாதசுந்தரம் லண்டனுக்குப் போனான். கிருபா கனடாவில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த நாட்களில், இங்கே அன்ரியின் ரீவியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். போனவனுடைய கட்டிலுக்குப் புதிதாக ஒருவன் வருவான். கோச் அணியை மட்டும் மாற்றவில்லை.

இரண்டாம் தரம் எம்பசிக்குக் கூப்பிட்டார்கள். படிப்பு முடிந்ததும் திரும்பி வருவாயா என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்கு லொட்ஜில் பலருக்குச் சரிவந்த ஒரு பதில் இருந்தது. தகப்பனுக்கு ஊரில் பெரிய காணி இருக்கு, நான்தான் வந்து பார்க்கவேண்டும் என்று முகத்தை வைத்துக்கொண்டு சொல்லவேண்டும். கோச் மறுத்துவிட்டார்.

"எனக்கு அப்பாவே இல்லை. காணி எங்கால?"

"சும்மா சொல்லுங்கோ அண்ணை. எல்லாருக்கும் சரிவந்தது."

"அந்த நீளமா எறியிற பிளே மாதிரித்தான் இதுவும். எனக்கு வேண்டாம்."

திரும்பி வருவாயா என்று கேட்டார்கள். தெரியாது என்று உண்மையைச் சொன்னார். பாஸ்போர்ட் மறுபடியும் வெறுமையாக வந்தது. அக்கா போனில் அழுதார். கல்லூரி இடத்தை இன்னுமொரு தரம்தான் வைத்திருப்பார்களாம், மூன்றாம் தரமும் இல்லையென்றால் அந்தக் கதை முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினைக் கடலில் போட்டிருப்பேன். கடல் ரெயில் பாதைக்கு அங்கால இருந்ததால் தப்பியது.

மூன்றாம் தரத்துக்கு ஒரு திங்கட்கிழமை தந்தார்கள். அணியும் அப்போது தோற்றுத் தோற்றுப் பழகி, வெல்லத் தொடங்கி, நாலாம் வருஷத்தில் நின்றது. ஒஹையோக் காலேஜோடு இன்னும் ஒரேயொரு மட்ச் பாக்கி. அதை வென்றால் அந்தத் தோல்விக் காலேஜ் முதல்தடவையாகக் கிண்ணம் எடுக்கும். கோச் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் புள்ளடியும் வட்டமும் போட்டு, அம்புக்குறி கீறி, அறைச் சுவர் முழுவதும் ஒட்டிவைத்திருந்தார். எந்தப் பக்கத்தால் யார் போய் யாரை மடக்குவது என்ற திட்டம். நாட்டு நிலைமையில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், தமிழ்ப் பெடியன்களின் அறைச் சுவரில் இப்படி ஒன்று இருக்கலாமா என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, தினமும் பார்த்துப் பார்த்து எனக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை சுற்றிவளைப்பு. பொலிஸ்காரர் அறை அறையாக வந்து பொலிஸில் பதிந்த துண்டு இருக்கிறதா என்று பார்த்தார்கள். எங்கள் அறைக்குள் வந்த இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"மொனவத மே?" இது என்னவென்று கேட்கிறார்.

நான் வாயைத் திறக்க முதல் கோச் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். "இது அட்டாக், சேர். இது லெப்ட் சைட் அட்டாக். வட்டமெல்லாம் எங்கட ஆக்கள்."

"செல்லமக் மாத்தயா, செல்லமக்" என்று, விளையாட்டு ஐயா, வெறும் விளையாட்டு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். கோச் விடவில்லை. இன்ஸ்பெக்டரின் முகம் மாறுவதைக் கண்டு, அவரைச் சமாதானப்படுத்துகிறாராம்.

"பயப்பிடாதேங்கோ சேர். இந்த அட்டாக் கொழும்புக்கு இல்லை. ஒஹையோவுக்கு."

கோச், நான், கலண்டர் தாள்கள், மெஷின் எல்லாவற்றையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். அன்ரி வாசலில் நின்று செபமாலை உருட்டினார். எனக்கு மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். நாளைக் காலை மனிதர் உள்ளே இருந்தால் அக்காவிடம் போவது இந்தப் பிறப்பில் இல்லை. அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஜீப்பின் இருக்கை பற்றி ஏதோ குறை யோசித்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ் நிலையத்தில் கிரிக்கெட் மட்ச் போய்க்கொண்டிருந்தது. அந்த ரீவியைத்தான் பிடுங்கி மெஷினை மாட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். கொன்ஸ்டபிள்மார் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பயங்கரவாதி என்றால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். கோச் ஆடிக்காட்டினார். சுவரில் இருந்த வட்டங்கள் ரீவியில் ஆட்களாக ஓடுவதை இன்ஸ்பெக்டர் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு விஷயம் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பாவம், ஏன் அடிக்கடி நிற்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

கோச் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் நிறைகள். பாண்ட் கோஷ்டி, மழை, ஸ்நோ. பிறகு குறைகள். ஆங்கிலம் போதாமல் கோச் தமிழுக்கு மாற, நான் அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துக் களைத்தேன். வெளியிலே தெரு ரேடியோவில் யாரோ சிக்ஸர் அடித்த சத்தம் கேட்டது. கொன்ஸ்டபிள் ஒருவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நாலு வருஷத்தில் ஆளை அனுப்பிவிடுகிற குறைக்குக் கோச் வந்தபோது, இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தி! எத்தி!" போதும், போதும். தொப்பியை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார், இந்த மனிதனைக் கூட்டிக்கொண்டு போ, இந்தப் பெட்டியையும் கொண்டு போ, தயவுசெய்து உடனே போ.

வாசலில் கோச் திரும்பினார். "சேர், உங்கட ஸ்டேஷன்ர நிறை என்னெண்டா…"

நான் சேர்ட் கொலரில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். குறை வரைக்கும் போகவிடவில்லை. என் ஆயுளில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

மறுநாள் லீவு போட்டு நானே கூட்டிப்போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் சொன்னேன். "அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். குறை சொல்லாதேங்கோ." தலையை ஆட்டினார். உள்ளே போனார். நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். வெயில் ஏறியது. போனவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், இவர் வரவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன கேட்டவங்கள்?"

"அதேதான். படிச்சு முடிச்சா என்ன செய்வீர் எண்டு."

"நீங்கள்?"

"உள்ளதைச் சொன்னன். நாலு வருசம் முடிஞ்சா ஆக்கள் போகத்தானே வேணும் சேர், அதுதானே உங்கட நாட்டு ரூல் எண்டன். அந்தாள் பேனையை வச்சிட்டு, இது ஆர் சொன்னது எண்டு கேட்டார். கேமைச் சொன்னன். அவரும் அதில இருக்கிற ஒரு காலேஜில படிச்ச ஆளாம். தன்ர அணி எப்பிடி எண்டு கேட்டார்."

"நல்லம் எண்டு சொன்னீங்கள்தானே?"

"நிறை சொன்னன்" என்றார். "குறையும் சொன்னன். இடது பக்க டிபென்ஸ் சரியான மோசம் தம்பி, அதை எப்பிடி மறைக்கிறது?"

நான் நடைபாதையிலேயே குந்திவிட்டேன்.

"விழுந்து விழுந்து சிரிச்சார்" என்றார் கோச். "பதினைஞ்சு வருசமா அதைத்தானே நானும் கத்திக்கொண்டிருக்கிறன் எண்டார். பின்னேரம் வந்து பாஸ்போர்ட்டை எடுக்கட்டாம்."

அந்த நடைபாதையில் வைத்து அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். "உனக்கென்ன விசரோ, சனம் பாக்குது" என்று சொன்னாரே தவிர, அவரும் கையை எடுக்கவில்லை.

ஏர்போட் வான் வந்த அன்று மெஷினைத் தூக்கி என் கட்டிலில் வைத்தார். அக்கா வீட்டுக்கு ஒன்று வாங்கியாயிற்றாம். "நாலாம் வருசத்துக் கடைசி மட்ச் ஒண்டு கிடக்கு. நேரமில்லாமல் போச்சுது. நீ விளையாடி முடி."

"எனக்கு விளையாடத் தெரியாது அண்ணை. நான் வெறும் கிக்கர்."

"பழகு. அந்த நீளமா எறியிற பிளேயை மட்டும் அடிச்சுப் போடாதை." வானில் ஏறி யன்னலால் எட்டிப் பார்த்தார். "அன்ரியின்ர சாப்பாட்டில ஒரு குறை இருக்கு, சொல்ல மறந்திட்டன்" என்று தொடங்கினார். வான் வெளிக்கிட்டுவிட்டது. அன்ரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கடைசி வரைக்கும் வாய் அடங்கேல்லை" என்றார்.

லொட்ஜ் இப்போது இல்லை. அன்ரி கொட்டாஞ்சேனைக்கே திரும்பிப் போய், அங்கே காலமானார். நான் கல்யாணம் கட்டித் தெஹிவளைக்கு வந்துவிட்டேன். போர் முடிந்தது. நாலு வருஷம் முடிந்தால் போய்விடவேண்டும் என்று விசா அதிகாரிக்குச் சட்டம் சொன்ன மனிதர் இன்னும் அமெரிக்காவில்தான் இருக்கிறார், கேட்டால் அந்தக் காலேஜில் இருந்து வெளிக்கிட்டாயிற்றுத்தானே என்கிறார். மாதத்தில் ஒருதரம் போன் எடுப்பார். சுகம் விசாரிக்க முதல் ஒரு கேள்வி.

"மட்ச் விளையாடி முடிச்சிட்டியோ?"

"நேரமில்லை அண்ணை."

"உதவாக்கரைக் கிக்கர்" என்று ஏசிவிட்டு, அங்கே நேரில் போய்ப் பார்த்த மட்சைப் பற்றித் தொடங்குவார். நிறை என்னவென்றால் சத்தம். குறை என்னவென்றால் குளிர், அது கேமில் விளங்கவில்லையாம். நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஓம், ஓம் என்பேன்.

நேரமில்லை என்பது பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேண்டிய அளவு நேரம் இருக்கிறது. சில ஞாயிறுகளில் அந்தப் பெட்டியைத் துடைத்து, ரீவியில் மாட்டிப் போடுவேன். கிருபா, சிவபாத, ஒன்பதாம் இலக்கம், வாங்கில் நான் எல்லாரும் கடைசி மட்சுக்குத் தயாராக வரிசையில் நிற்பார்கள். பாண்ட் கோஷ்டி அடிக்கும். தொடங்கு என்கிற பொத்தானை அமத்தினால் போதும், ஒரு மணித்தியாலத்தில் ஆடி முடித்துவிடலாம். முடித்தால் நாலாம் வருஷம் முடிந்துவிடும். அத்தனை பேரும் போய்விடுவார்கள், பெயரில்லாத புதுப் பெடியன்கள் வந்து நிற்பார்கள். அதுதான் ரூல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோச், உங்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த மட்சை நான் ஆடப்போவதில்லை.